மைன்கிராஃப்ட் ஜாவா சர்வரில் விஆர் ஹெட்செட்டோடு வருபவர்களைச் சேர்த்துக்கொள்வது எப்படி?

கேட்டவரின் நிலைமை இது: நண்பர்களுக்காக ஒரு பேப்பர் சர்வர் (ப்ளகின் எனும் கூடுதல் நிரல்களை ஏற்கும் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர்) நடத்துகிறார். இரண்டு பேர் புதிதாக விஆர் ஹெட்செட் (தலையில் மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குள்ளேயே நிற்பது போலப் பார்க்கும் கருவி) வாங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் மானிட்டரில்தான் ஆடுகிறார்கள். எல்லோரும் ஒரே உலகத்தில் ஆட சர்வரில் என்ன மாற்ற வேண்டும்?

நானும் பன்னிரண்டு பேருக்காக ஒரு பேப்பர் சர்வர் நடத்துகிறேன். என் தம்பி ஹெட்செட்டில் வர ஆரம்பித்தபோது இதையெல்லாம் செய்தேன். ப்ளகினைப் போட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்யப் பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகு தம்பிக்குத் தலைசுற்றாமல் ஆடும்படி சர்வரைப் பழக்கத்தான் இரண்டு வார இறுதிகள் போயின.

முதலில் நண்பர்கள் பக்கம். ஜாவா எடிஷனில் விஆர் என்றால் விவ்கிராஃப்ட் என்ற மாட்தான் (மாட் என்பது ஆட்டத்தையே மாற்றும் கூடுதல் நிரல்). கணினியில், ஹெட்செட்டை இணைக்கும் ஸ்டீம்விஆர் மென்பொருள் வழியாக ஓடும். கணினி இல்லாமல் குவெஸ்ட் ஹெட்செட் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் குவெஸ்ட்கிராஃப்ட் இருக்கிறது. மைன்கிராஃப்ட்டின் இன்னொரு வடிவமான பெட்ராக் எடிஷனில் இருந்த அதிகாரபூர்வ விஆருக்கு 2025 மார்ச்சுக்குப் பிறகு ஆதரவு இல்லை. அதனால் அந்த வழியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

சர்வரில் எதுவுமே போடாவிட்டாலும் விவ்கிராஃப்ட்டோடு உள்ளே வந்துவிடலாம். என் தம்பி முதல் நாள் அப்படித்தான் வந்தான். என் திரையில் கம்பம் போல நின்றான். போனில், "அண்ணா, ரெண்டு கையையும் ஆட்டிட்டே இருக்கேன், தெரியலையா?" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காரணம் எளிது. ஓர் ஆள் எங்கே, எப்படி நிற்கிறார் என்று சாதாரண சர்வர் தெரிந்துகொள்வது ஐந்து எண்களை வைத்துத்தான். நிற்கும் இடத்துக்கு மூன்று, பார்வை இடவலமாகத் திரும்பிய கோணம் ஒன்று, மேலும் கீழும் சாய்ந்த கோணம் ஒன்று. கை எங்கே இருக்கிறது என்பதற்கு அதில் இடமே இல்லை. அம்பு விட்டால் கண்ணிலிருந்து, பார்வை போகும் திசையில் போகும் என்றே சர்வர் கணக்குப் போடும். விஆரில் ஆடுபவரோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே வேறு பக்கம் குறிவைக்கக் கூடியவர்.

இந்தக் குறையைத்தான் விவ்கிராஃப்ட் ஸ்பிகாட் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற ப்ளகின் தீர்க்கிறது. அதன் ஜார் கோப்பைச் சர்வரின் ப்ளகின்ஸ் ஃபோல்டரில் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். தலை, வலது கை, இடது கை மூன்றின் நிலையையும் விவ்கிராஃப்ட் தொடர்ந்து அனுப்பும். ப்ளகின் அதை வாங்கி அருகில் இருப்பவர்களுக்குக் கடத்தும். ஒவ்வொன்றுக்கும் இடத்துக்கு மூன்று எண், சுழற்சிக்கு நான்கு எண். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் மூன்றுக்கும் சேர்த்து 84 பைட். சர்வர் உலகத்தை நொடிக்கு 20 முறை புதுப்பிக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரு டிக். டிக்குக்கு ஒரு முறை அனுப்பினாலும் ஓர் ஆளுக்கு நொடிக்கு 1.7 கிலோபைட் அளவுதான். இரண்டு பேருக்காக நெட் தாங்குமா என்று கவலைப்படத் தேவையில்லை.

இந்த ப்ளகின் சர்வரின் உள்கட்டமைப்பைத் தொட்டு வேலை செய்வது. அதனால் உங்கள் மைன்கிராஃப்ட் பதிப்புக்கு உரிய ஜாரையே எடுங்கள். புதிய பதிப்பு வந்த அன்றே சர்வரை மேம்படுத்தினால் ப்ளகின் நின்றுவிடும், கொஞ்சம் பொறுங்கள். பேப்பருக்குப் பதில் மாட்களை ஏற்கும் ஃபேப்ரிக் சர்வர் என்றால் தனி ப்ளகின் வேண்டாம், விவ்கிராஃப்ட் மாட்டையே சர்வரிலும் போடலாம்.

மானிட்டரில் ஆடுபவர்களும் விவ்கிராஃப்ட்டைப் போட்டு விஆர் அல்லாத மோடில் வைத்தால்தான் மற்றவர்களின் கை அசைவு அவர்களுக்குத் தெரியும். போடாதவர்களுக்குத் தம்பி இன்னமும் கம்பம்தான். நான் போட்டுக்கொண்டு உள்ளே போன அன்று, அவன் குனிந்து, உள்ளங்கையை நீட்டி, ஒரு வைரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினான். தலை சாய்ந்திருந்த விதம் அச்சு அசல் அவனேதான். நாங்கள் இருப்பது வேறு வேறு ஊர். சேர்ந்து ஆடிய இத்தனை நாளில் அவன் என் பக்கத்தில் நிற்பது போல எனக்குத் தோன்றியது அன்றுதான்.

இனி தலைசுற்றல். தலையைத் திருப்பும்போது காட்சி திரும்புவது அவரவர் கணினியின் வேலை, அதில் சர்வருக்குப் பங்கில்லை. சர்வர் கெடுக்கக்கூடியது ஒன்றுதான்: ஆளைப் பிடித்துப் பின்னால் இழுப்பது. "நீ சொல்கிற இடத்தில் நீ இருக்க முடியாது" என்று சர்வர் நினைத்தால் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். மானிட்டரில் அது ஒரு சின்ன எரிச்சல். ஹெட்செட்டில் காலுக்குக் கீழே தரை நழுவுகிறது. முதல் வாரம் தம்பி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் படுத்தே கிடந்தான்.

சர்வரின் அமைப்புகள் இருக்கும் ஸ்பிகாட்.ஒய்எம்எல் கோப்பில் மூவ்டு-ராங்லி-திரெஷோல்டு என்று ஒரு வரி இருக்கும், அதன் இயல்பு மதிப்பு 0.0625. அது தூரத்தின் வர்க்கம். அதாவது கால் பிளாக், 25 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே சர்வர் சந்தேகப்படும். அறைக்குள் நிஜமாக நடந்து, குனிந்து, எட்டிப் பார்க்கிறவருக்கு இது போதவே போதாது. பக்கத்திலேயே, நகரும் வேகத்தின் வரம்புக்கான மூவ்டு-டூ-குவிக்லி-மல்டிப்ளையர் 10.0 என்று இருக்கும். இரண்டையும் உயர்த்த வேண்டும். இதைத் தானே செய்யும் அமைப்பு ப்ளகினின் கான்ஃபிக் கோப்பில் உண்டு, அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நடப்பதால் தலைசுற்றுகிறவர்கள் டெலிபோர்ட் முறையில் நகர்வார்கள். அதற்கும் சர்வரில் ப்ளகின் வேண்டும்.

என் சர்வரில் இவ்வளவு செய்தும் இழுப்பு நிற்கவில்லை. கன்சோலில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. கடைசியில் பார்த்தால், ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க நான் வைத்திருந்த வேறொரு ப்ளகின் இவனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. யாருக்கு என்ன அனுமதி என்று கையாளும் லக்பெர்ம்ஸ் ப்ளகினில் விஆருக்கென்று தனிக் குழு ஒன்றை உருவாக்கி, அந்தக் குழுவுக்கு மட்டும் நகர்வுச் சோதனையிலிருந்து விலக்கு கொடுத்தேன். எல்லோருக்கும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள், தெரிந்த இரண்டு பேருக்கு மட்டும் போதும்.

அப்புறம் சண்டை. அருகில் வந்து வெடிக்கும் க்ரீப்பர் என்ற எதிரி சாதாரணமாக 3 பிளாக் தூரத்துக்குள் வந்தால் சீற ஆரம்பிக்கும். விஆரில் நிஜமாகவே கையை வீசி வெட்ட வேண்டும், அதனால் இன்னும் நெருங்க வேண்டியிருக்கிறது. ப்ளகின் அந்தத் தூரத்தை விஆர் ஆட்களுக்கு மட்டும் 1.75 ஆகக் குறைக்கிறது. அது நியாயம்தான், அப்படியே விடுங்கள். வில்லுக்குக் கூடுதல் சேதம் தரும் எண்களும் கான்ஃபிகில் உண்டு. ஒருவரோடு ஒருவர் மோதும் சர்வர் என்றால் நண்பர்களிடம் பேசி அவற்றை 1 ஆக்கிவிடுங்கள். ஒரு பக்கம் கூடுதல் பலம் இருக்கிறது என்று தெரிந்தால் மானிட்டரில் ஆடுபவர்களுக்கு மனக்கசப்பு வரும், எங்கள் குழுவில் வந்தது.

உலகத்திலேயே சில மாற்றங்கள் செய்தேன். ஆடுபவர்கள் முதலில் தோன்றும் ஸ்பான் இடத்தில் ஆளைத் தூக்கி எறியும் ஒரு மேடை வைத்திருந்தேன், எல்லோருக்கும் பிடித்த ஒன்று. அதை எடுத்துவிட்டு, நடந்து போகும் வாசல் கட்டினேன். ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர், ஆட்டத்தில் நம் கண் 1.62 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹெட்செட்டில் அது அப்படியே நிஜ அளவில் தெரியும். 2 பிளாக் உயரத்தில் கட்டியிருந்த என் வீட்டுக் கூரை தம்பியின் தலைக்கு மேலேயே தொங்கியது. 3 பிளாக்காக உயர்த்திவிட்டேன்.

கடைசியாக, பேச்சு. கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு சாட்டில் டைப் செய்வது பெரும்பாடு. சிம்பிள் வாய்ஸ் சாட் என்ற ப்ளகினைச் சர்வரில் போடுங்கள், ஆடுபவர்களும் அதே பெயரிலுள்ள மாட்டைப் போட வேண்டும். குரல் பேசுபவர் நிற்கும் திசையிலிருந்தே வரும், தள்ளிப் போனால் மெலியும். சர்வரின் வழக்கமான 25565 டிசிபி போர்ட்டைத் திறந்திருப்பீர்கள். இதற்கு 24454 யுடிபி போர்ட்டையும் திறக்க வேண்டும். அதைத் திறக்காமல்தான் நான் ஒரு மாலை முழுக்க "கேட்குதா, கேட்குதா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.