ஃபால்ஸ் இண்டிகோ: பெரிய தொட்டியா, சின்னத் தொட்டியா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். வாசலில் வெயில் நன்றாக விழும் இடத்தில், வருஷா வருஷம் தானே துளிர்க்கும் செடி வைக்க ஆசை. நர்சரியில் 'ஃபால்ஸ் இண்டிகோ'வைக் காட்டினார்கள். ஒரு கேலன், மூன்று கேலன் என இரண்டு அளவுத் தொட்டிகள். பெரியதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் விலை. எதை வாங்கலாம்? இது நம் ஊர் அவுரிதானா? இலையை அரைத்துத் தலைக்குப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: போடாதீர்கள். நம் அவுரி இண்டிகோஃபெரா டிங்டோரியா. இது பாப்டீசியா ஆஸ்ட்ராலிஸ். இரண்டும் அவரைக் குடும்பம், உறவு அதோடு சரி. அமெரிக்காவில் குடியேறியவர்கள் அவுரிக்குப் பதிலாக இதிலிருந்து நீலச் சாயம் எடுத்தார்கள். மட்டமான சாயம்தான், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. செடியில் நச்சு உண்டு. அதனால் மான்களும் அவ்வளவாக வாய் வைப்பதில்லை. உங்கள் பக்கத்தில் அது பெரிய லாபம்.

வாங்கும்போது அட்டையில் தாவரப் பெயரைப் பாருங்கள். அமோர்ஃபா ஃப்ருட்டிகோசா என்ற புதரையும் ஃபால்ஸ் இண்டிகோ என்றே விற்பார்கள். அது பத்தடிக்கு மேல்கூட வளரும், வாசலுக்கு ஆகாது.

அளவில் ஒரு கேலனே போதும். இதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். தொட்டியில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்டுபோன பெரிய செடியைவிட, இளஞ்செடி மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பெரியது சற்று முன்னதாகப் பூக்கலாம். அதற்காக இரட்டை விலை கொடுக்க நான் தயாரில்லை. முதல் இரண்டு வருஷம் பூ குறைவாகத்தான் இருக்கும், நர்சரியோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிடித்துவிட்டால் மூன்று நான்கு அடி உயரம், அதே அளவு அகலம். மே, ஜூனில் நீலப் பூங்கொத்து. பல பத்தாண்டு ஆயுள். இடத்தை யோசித்து நடுங்கள், பிறகு பெயர்த்து வைத்தால் தாங்காது. ஆறு மணி நேர வெயில் வேண்டும், நிழலில் சாய்ந்துவிடும். வேர் முடிச்சுகள் காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுத்துக்கொள்வதால் உர மூட்டைச் செலவு இல்லை.

சில நர்சரிகள் ஒரு வருஷ உத்தரவாதம் தருகின்றன. கேட்டு வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் குளிர்காலத்தில் செடி தரைமட்டமாகக் காய்ந்துவிடும். உடனே பணத்தைத் திருப்பிக் கேட்க ஓடாமல் மே பாதிவரை பொறுங்கள். நான் மார்ச்சிலேயே செத்துவிட்டது என்று தோண்டிப் பார்த்தேன். உள்ளே வேர் பச்சையாக இருந்தது, மண்வெட்டிதான் அதைக் கொன்றது.