விமானம் ரத்தானால் எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்?

கேள்வி: கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறேன். ஜனவரியில் பிராங்க்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி முடிந்து திரும்ப வேண்டிய விமானத்தை, விமானிகளின் வேலைநிறுத்தம் என்று கூறி முந்தைய நாள் மாலை ரத்து செய்தார்கள். இரண்டு நாள் கழித்தே வேறு விமானம் கிடைத்தது. வேலைநிறுத்தம் தங்கள் கையில் இல்லை என்று இழப்பீட்டை மறுக்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. விமானம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஒன்றிய நாட்டு விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானமானால், அதை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஆகவே நீங்கள் வளைகுடா நிறுவனம் ஒன்றில் பயணம் செய்திருந்தால், திரும்பும் பயணத்துக்கு இந்த உரிமை உண்டு, போகும் பயணத்துக்கு இல்லை. நம் ஏற்றுமதியாளர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

பதினான்கு நாளுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்து செய்தால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு இழப்பீடு 600 யூரோ. தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை என்று நிரூபித்தால் மட்டுமே நிறுவனம் தப்பலாம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அந்த விலக்கு கிடைக்கக்கூடும். ஆனால் நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்கள் சம்பளத்துக்காகச் செய்யும் வேலைநிறுத்தம் அவ்வகையில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். காத்திருந்த இரண்டு நாளின் விடுதி, உணவுச் செலவு தனிக்கணக்கு. அதை இழப்பீட்டில் கழிக்க விடாதீர்கள்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். கோவை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சிங்கப்பூர் வேறு நிறுவனத்தில் வேறு டிக்கெட். கோவை விமானம் முன்னறிவிப்பின்றி ரத்தாகி, சிங்கப்பூர் விமானத்தையும் தவறவிட்டேன். இரண்டுக்கும் பணம் கேட்கலாமா?

பதில்: சிங்கப்பூர் டிக்கெட்டின் பணத்தைக் கோவை விமானத்தை இயக்கிய நிறுவனத்திடம் பெறுவது கடினம். அதன் பார்வையில் உங்கள் பயணம் சென்னையோடு முடிந்துவிட்டது. ஒரே டிக்கெட்டில் பதிவு செய்திருந்தால் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டதற்கும் அது பொறுப்பேற்றிருக்க வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று டிக்கெட்டைப் பிரித்துப் போடும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. மிச்சமான தொகையைவிடப் பல மடங்கு போய்விடும்.

கோவை விமானத்துக்கு மட்டும், இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம். அத்துடன், ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பறக்கும் விமானம் என்பதால், 7,500 ரூபாய் அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதை இழப்பீடாகக் கேட்கலாம். பதிவின்போது உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். டிராவல்ஸ்காரர் தம் எண்ணையே போட்டுவிட்டிருந்தால், தகவல் சொல்லிவிட்டோம் என்று நிறுவனம் வாதிட இடம் உண்டு.

கேள்வி: ஈரோட்டிலிருந்து என் பெற்றோர் ஷார்ஜா செல்லவிருந்த இந்திய நிறுவன விமானம் ஐந்து நாள் முன்பு ரத்தானது. பணத்தைத் தராமல், அடுத்த பயணத்துக்கு வரவு வைத்திருப்பதாகக் கூறுகிறார்கள்.

பதில்: வரவாக வைப்பதா, பணமாகப் பெறுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பயணி. நிறுவனம் தானாக வரவு வைக்கக் கூடாது. டிக்கெட்டை முகவர் வழியாக எடுத்திருந்தாலும், முகவர் நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால், பணம் வந்து சேரச் செய்யும் பொறுப்பு நிறுவனத்துடையதே. பணம் வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இருக்காது.

கேள்வி: மழை வெள்ளத்தால் ரத்தானால் ஒன்றும் கிடைக்காதா? (திருப்பூர்)

பதில்: இழப்பீடு கிடைக்காது. 2024 ஏப்ரலில் துபாய் விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது போன்ற நிகழ்வுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. ஆனால் பறக்காத விமானத்தின் கட்டணத்தை அது வைத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: திருச்செங்கோட்டிலிருந்து மெல்போர்னில் உள்ள மகளைப் பார்க்கப் போனோம், கோவையிலிருந்து போய்வர ஒரே டிக்கெட். வழியில் இணைப்பு விமானம் ரத்தாகி, இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அறை வாடகையைக் கேட்டால், தங்கள் நாட்டு நீதிமன்றத்துக்கு வரச் சொல்கிறார்கள்.

பதில்: அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஏற்றுள்ள 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பயணி சேரும் நாட்டிலும் வழக்குத் தொடுக்கலாம். போய்வரும் டிக்கெட்டில் 'சேரும் இடம்' என்பது பயணம் முடியும் ஊர். உங்களுக்கு அது கோவை. தாமதத்தைத் தவிர்க்க நியாயமான நடவடிக்கை அனைத்தும் எடுத்ததாக நிறுவனம் நிரூபிக்காவிட்டால், உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவைத் தர வேண்டும். ரசீது இல்லாத செலவை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தர அனுமதிப்பதால், நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். நிறுவனத்துடன் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நீளாது.