பேரேட்டில் இருக்கும் ‘பரதேசி’யை மாற்றலாமா?

கேள்வி: காரைக்குடி அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் வரலாற்றைச் சிறு மலராக அச்சிடுகிறோம். ஐயா (தாத்தா) காலத்துப் பேரேட்டில், மகமைக் கணக்கில் (தர்மத்துக்கு ஒதுக்கிய பணத்தின் கணக்கு), ‘பரதேசி சாப்பாட்டு வகைக்கு’ என்று மாதாமாதம் பற்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு அது வசவுச் சொல்லாயிற்றே, ‘ஏழைகள்’ என்று மாற்றிவிடலாமா? பர்மாவுக்குப் போய்வந்த ஐயாவை ‘நாடோடி’ என்று எழுதலாமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். ‘ஏழைகள்’ என்று போட்டால் கணக்கே தப்பாகிவிடும். பர என்றால் பிற. பரதேசி, பிற தேசத்திலிருந்து வந்தவர். வழியோடு வந்த வெளியூர்க்காரருக்கு ஐயா சோறு போட்டதைத்தான் அந்த வரி சொல்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்துக்கு இன்றும் ‘பரதேசி’ என்றே பெயர், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டியது என்பதால். பிராமணர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் காசிக்குக் கிளம்புவதைப் பரதேசிக் கோலம் என்கிறார்கள். வசவென்று நினைத்திருந்தால் முகூர்த்த நாளில் அதை யார் வாயில் எடுப்பார்கள்?

அப்புறம் எப்படிக் கெட்டது? யாத்திரை போகிறவர் கிடைத்த இடத்தில் சாப்பிட்டார், திண்ணையில் படுத்தார். பார்த்தவர் மனத்தில் நாளடைவில் யாத்திரை மறைந்து, ஏந்திய கை மட்டும் தங்கிவிட்டது.

பழந்தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்க சொல் ‘வம்பலர்’. எனக்கு மிகவும் பிடித்த சொல். ‘வம்பு நிலையின்மை’ என்கிறது தொல்காப்பிய உரியியல். புதுமை என்றும் பொருள் உண்டு. ஓரிடத்தில் நிலைக்காமல், புதிதாக வந்து கடந்து போகிறவர் வம்பலர். பாலைத்திணைப் பாட்டுகளில் ‘ஆறுசெல் வம்பலர்’ அடிக்கடி கண்ணில் படுவார்கள். ஆறு என்றால் இங்கே வழி. குறுந்தொகை 331-ஆம் பாட்டைப் பாருங்கள்: மூங்கில் காய்ந்து சுருங்கிய, தண்ணீர் இல்லாத வழி, வளைந்த வில்லோடு மறவர்கள் எதிரே நிற்கிறார்கள், வம்பலர் மாண்டு போகிறார்கள். பொருள் தேடித் தலைவன் போகக்கூடிய வழியும் அதுதான். அவனுக்கு ஆபத்து என்று நேராகச் சொல்லவே வேண்டாம். பெயர் தெரியாத அந்த வழிப்போக்கரின் சாவைக் காட்டியதும், கேட்கிறவருக்கு அவனைப் பற்றிய கவலை தானாக வந்துவிடுகிறது. பிழைக்கக் கடல் தாண்டிப் போனவர்களின் வீட்டில் பிறந்த உங்களுக்கு இது விளக்காமலே புரியும்.

உங்கள் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்று வருகிறது. அங்கே வெளியூர்க்காரர் அஞ்சி நடக்கவில்லை, பல மொழி பேசிக் கலந்து வாழ்கிறார்.

சரி, நாடோடிக்கு வருவோம். நாடு நாடாகப் போகிறவர், ஓரிடத்தில் நிலையாகக் குடியிராதவர் நாடோடி. (நாட்டுப்புறப் பாடலை ஒரு காலத்தில் நாடோடிப் பாடல் என்றே சொன்னார்கள், பாட்டுக்கும் நிலையான வீடு இல்லை என்பது எவ்வளவு சரி!) ஐயாவுக்கு இது பொருந்தாது. அவர் போனதும் ஊரிலிருந்து, வந்ததும் ஊருக்கு. வணிகம் செய்யக் கடல் தாண்டிப் போவதைச் சொல்ல உங்கள் பக்கத்திலேயே ‘கொண்டுவிக்கப் போனார்’ என்ற அருமையான தொடர் இருக்கிறது. அதையே எழுதுங்கள்.

மலரில் பேரேட்டுப் பக்கத்தைப் படமாகப் போட்டு, கீழே ‘பரதேசி: வெளியூரிலிருந்து வரும் யாத்திரிகர், துறவி’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு முன் தை மாதப் பக்கங்களைத் தனியாகப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் குன்றக்குடி வழியாகப் போவார்கள். அந்த மாதத்தில் மட்டும் பற்று கூடியிருந்தால், உங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டவர்களில் பலர் யாரென்று ஐயாவின் கையெழுத்தே சொல்லிவிடும்.