கைவினை கேள்வி–பதில்: பழைய புத்தகத்தில் கத்தரி வைப்பதற்கு முன்

கேள்வி: என் மாமனார் சேர்த்து வைத்திருந்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பழைய புத்தகங்கள் இரண்டு மரப்பெட்டிகளில் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பலவற்றின் தாள் பழுத்துவிட்டது. எடைக்குப் போட மனம் வரவில்லை. அந்தத் தாள்களில் கொலுவுக்குத் தோரணமும் காகிதப் பூக்களும் செய்யலாம் என்று நினைக்கிறேன். புத்தகத்தைக் கிழிப்பது பாவம் என்று என் மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது? — வாசகி, கும்பகோணம்

பதில்: காலில் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். உங்கள் மாமியாரின் தயக்கத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெட்டிகளைத் திறக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் புத்தகம் எப்போது, யார் வழியாக வீட்டுக்கு வந்தது என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

முதலில் ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும், அச்சிட்ட ஆண்டையும், அச்சகத்தின் பெயரையும் பாருங்கள். 1950-க்கு முன் அச்சானவை, ஊர் அச்சகங்களில் சிறு எண்ணிக்கையில் வெளிவந்தவை, கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், பஞ்சாங்கங்கள், சாதிச் சங்க இதழ்கள் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகம்தான் மதிப்புள்ளது என்றும், பதினாறு பக்கச் சிறு பிரசுரம் குப்பை என்றும் நாம் எண்ணுகிறோம். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பெரிய புத்தகம் நூலகங்களில் இருக்கும். சிறு பிரசுரத்தை யாரும் பாதுகாத்திருக்க மாட்டார்கள். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்துகொண்டே புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டே 1994-ல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. இத்தகைய நூலகத்துக்கு உங்கள் பட்டியலை அனுப்பிக் கேட்பதற்கு ஒரு கடிதம் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தலைப்பைத் தட்டிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அங்கே கிடைக்காத புத்தகம் என்றால் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கலையைக் கற்கத் தொடங்கிய நாட்களில், அட்டை போன ஒரு பாட்டுப் புத்தகத்தை எழுத்துருவின் அழகுக்காகவே வெட்டி முப்பது ரோஜாப் பூக்கள் செய்தேன். சில ஆண்டுகள் கழித்து, அதே புத்தகத்தைத் தேடி அலைந்த ஓர் ஆய்வு மாணவியைச் சந்தித்தேன். பூக்கள் அப்போதே உதிர்ந்து போயிருந்தன. அன்றிலிருந்து, தேடிப் பார்க்காமல் ஒரு தாளைக்கூட நான் வெட்டியதில்லை.

தாளின் ஓரத்தில் மாமனார் கைப்பட எழுதிய குறிப்புகள் இருந்தால் அந்தப் புத்தகத்தையும் வெட்டாதீர்கள். அந்தப் பக்கத்தைத்தான் அலங்காரத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பினால், ஸ்கேன் செய்து, நல்ல தாளில் லேசர் அச்சு எடுத்து வெட்டுங்கள். இங்க்ஜெட் அச்சில் பசை பட்டால் பெரும்பாலும் மை கரையும். லேசர் அச்சில் கரையாது.

இத்தனை சலித்த பிறகும் நிறைய மிஞ்சும். காலாவதியான தேர்வு வழிகாட்டிகள், பழைய பாடநூல்களின் இரட்டைப் பிரதிகள், தொலைபேசிப் பட்டியல்கள், இன்றும் கடையில் கிடைக்கும் நாவல்களின் கிழிந்த பிரதிகள் ஆகியவற்றை மனச் சங்கடமின்றி எடுத்துக்கொள்ளலாம். அவை பழைய பேப்பர் கடைக்குப் போனாலும் கூழாகத்தான் போகும் என்பதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டு நிலைப்படியில் தோரணமாகத் தொங்குவது அதைவிட மரியாதையான முடிவு என்று அவரும் ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

தோரணத்துக்கு மாவிலை வடிவமே எனக்கு மிகவும் பிடித்தது. தாளை நீளவாக்கில் மடித்து, பாதி இலையாக வெட்டி விரித்தால் மடிப்பே நடுநரம்பாக அமையும். காம்புப் பக்கத்தைத் தையல் இயந்திரத்தில் வரிசையாக ஓட்டிவிட்டால் கட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். பூவுக்கு, சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைச் சுருள் வடிவில் உள்நோக்கி வெட்டி, வெளி முனையிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து, நடுவில் எஞ்சும் சிறு வட்டத்தை அடித்தளமாக்கி ஒட்டுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல் தாளை மடித்தால் மடித்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது. சில புத்தகங்களில் மட்டும் இப்படி ஆவது ஏன்? — வாசகர், திண்டுக்கல்

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, கந்தல் துணிக்குப் பதிலாக மரக்கூழிலிருந்து காகிதம் செய்வது பரவியது. மை பரவாமல் இருக்க அதில் சேர்த்த ரோசின் என்ற மரப்பிசினும் படிகாரமும் காகிதத்துக்குள் அமிலத்தன்மையை உண்டாக்கின. அந்த அமிலம் இழைகளை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே இருக்கிறது. நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்துகின்றன. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் ஒளி பட்டுப் பழுப்பாகிறது. மலிவுப் பதிப்புகள் பழுத்து உடைவதும், அதே வயதுள்ள நல்ல தாள் புத்தகம் வெண்மை குன்றாமல் இருப்பதும் இதனால்தான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பாருங்கள். ஓரிரு மடிப்பிலேயே மூலை கையோடு வந்துவிட்டால் அந்தத் தாள் பூவாகச் சுருளாது, தோரணமாகத் தொங்கவும் தாங்காது. அதைத் தட்டையாக, வேறொரு கெட்டித் தாளின் மேல் ஒட்டும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் குடும்பப் புகைப்படத்தை ஒட்ட வேண்டாம். அமிலம் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்கும் பரவும்.

கேள்வி: பழைய புத்தகத்தின் கெட்டி அட்டையை வைத்துக்கொண்டு, உள்ளே வெள்ளைத் தாள் சேர்த்துக் குறிப்பேடு செய்ய முயன்றேன். திறந்தால் விறைப்பாக நிற்கிறது. தாள்கள் சுருங்கிவிட்டன. இரண்டு மாதத்தில் நடுப்பக்கங்கள் கழன்றும் விட்டன. எங்கே தவறு? — வாசகி, திருநெல்வேலி

பதில்: எழுதும் பக்கங்களுக்குப் புதிய தாளைத் தேர்ந்தெடுத்தீர்கள், அது சரியான முடிவு. பழைய தாள் அழகுக்கு உதவும். தினமும் புரட்டும் வேலையை அதன் மேல் சுமத்தக் கூடாது. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் தாளின் இழையோட்டத்தைக் கவனிக்காததால் வருபவை.

ஆலையில் செய்யப்படும் காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அச்சுத் தொழிலில் இதைக் கிரெயின் என்பார்கள். இழையோட்டத்தின் திசையில் மடித்தால் தாள் பணிந்து மடியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடித்து நிற்கும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் இழை பொதுவாக நீளவாக்கில் ஓடுவதால், அதை இரண்டாக மடிக்கும்போது மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. விறைப்புக்குக் காரணம் அதுவே. நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை வாங்கி, நீளத்தைப் பாதியாக வெட்டி, கிடைக்கும் ஏ4 துண்டை மடியுங்கள். இப்போது மடிப்பும் இழையும் ஒரே திசையில் அமையும். திசையை அறிய ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்தாலே போதும்: இழையோடு கிழிந்தால் நேராகப் போகும், குறுக்கே கிழிந்தால் கோணலாக ஓடும். தாள் கனம் 80 முதல் 100 ஜி.எஸ்.எம். வரை இருக்கலாம். டெமி அளவு (சுமார் 14 × 21.5 சென்டிமீட்டர்) புத்தகத்தின் அட்டை என்றால் மடித்த ஏ4 தாள் அகலத்தில் சில மில்லிமீட்டர் வெளியே நீட்டும். தைப்பதற்கு முன்பே அளந்து நறுக்கிவிடுங்கள்.

நடுப்பக்கங்கள் கழன்றதற்குக் காரணம், பசையை மட்டும் நம்பியது என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். குறிப்பேட்டைத் தாங்குவது நூல்தான். நான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒரு கட்டு. அப்படி ஆறு கட்டுகள் சேர்த்தால் 96 பக்கம். ஒரே கட்டுள்ள மெல்லிய ஏட்டிலிருந்து பழகுங்கள். மடிப்பின் மேல் மேலே, நடுவே, கீழே என மூன்று துளைகளைக் குத்தூசியால் இடுங்கள். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்த பருத்தி நூலை, உட்புறமிருந்து நடுத்துளை வழியாக வெளியே கொண்டுவாருங்கள். மேல்துளையில் உள்ளே செலுத்தி, உட்புறமாகவே கீழ்த்துளை வரை நீட்டி வெளியே எடுத்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே விடுங்கள். உள்ளே ஓடும் நீண்ட நூலின் இரு பக்கமும் இரு முனைகள் வருமாறு வைத்து முடிச்சிட்டால் பத்து ஆண்டானாலும் கழலாது. இது கைவந்த பிறகு, பல கட்டுகளை ஒன்றோடொன்று கோத்துத் தைப்பதைப் பக்கத்துப் பைண்டிங் கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கையைப் பார்த்துக் கற்க வேண்டிய வேலை அது. எழுத்தில் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

தைத்து முடித்த கட்டின் முதுகில் மெல்லிய மல் துணியைப் பசையிட்டு ஒட்டி, இரு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் வெளியே விடுங்கள். அந்த ஓரங்களும், அவற்றின் மேல் வரும் முதல் தாளும் கடைசித் தாளும் மட்டுமே அட்டையோடு ஒட்ட வேண்டும். அட்டையின் முதுகு, ஏட்டின் முதுகோடு ஒட்டாமல் விடுதலையாக இருந்தால்தான் புத்தகம் நன்றாக விரியும்.

இனிப் பசை. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிப் பதம் வரும்வரை கிண்டுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு, காகிதத்துக்கும் நல்லதன்று. வீட்டில் அதைத் தவிர்த்து, ஓரிரு நாளில் தீரும் அளவுக்கு மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள். தாள் ஈரத்தில் இழையோட்டத்துக்குக் குறுக்காக விரிவதுதான் சுருக்கத்துக்குக் காரணம். ஆகவே பசையை மெல்லியதாக, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவி, மெழுகுத் தாள் இடையிட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இரண்டு நாள் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் அட்டை வளைந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும்.

கேள்வி: கரையான் அரித்தும் இராமபாணப் பூச்சி துளைத்தும் போன புத்தகங்களை என்ன செய்யலாம்? — வாசகர், சிவகங்கை

பதில்: முதலில் அவற்றை மற்றப் புத்தகங்களிலிருந்து விலக்கி, வெளியே கொண்டுபோய் உதறி, நிழலில் காற்றாட வையுங்கள். நான் மேலே சொன்ன தேடலை இவற்றுக்கும் செய்யுங்கள். பாதி அரித்த பிரதியே உலகில் எஞ்சியிருக்கும் ஒரே பிரதியாகவும் இருக்கலாம்.

மிஞ்சியதற்கு, நம் பாட்டிமார் கையாண்ட முறையைவிடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்க, பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்துப் பூசுவார்கள். அதே கூழைக் கவிழ்த்த பானையின் மேல் அப்பி, காய்ந்ததும் கழற்றிக் கூடையாக்குவார்கள். வெந்தயத்தின் கொழகொழப்பே பசையாகிறது. உடையும் தாளுக்கு இது மிகவும் ஏற்றது. எளிதில் ஊறிக் கூழாகும். ஆனால் இழை நைந்திருப்பதால், கூழில் பாதியளவு நல்ல காகிதத்தையும் சேர்த்து அரையுங்கள். காகிதத்தில் அச்சு மை இருப்பதால் அந்தக் கூடையில் உணவுப் பொருள் வைக்காமல், நூல்கண்டும் ஊசியும் பேனாவும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நேரடியாகக் காயவைத்தால் வெடிக்கும். திண்ணை நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும்.

கேள்வி: புதுத் தாளைப் பழையதுபோல் காட்டத் தேநீரில் நனைப்பது சரியா? — கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வாழ்த்து அட்டைக்கும் ஒருநாள் அலங்காரத்துக்கும் செய்யலாம். பால் சேர்க்காத, வடிகட்டிய டிகாக்ஷனை ஆறவைத்துத் தூரிகையால் பூசி, துணி விரித்துக் காயவையுங்கள். பல ஆண்டுகள் வைத்து எழுதப்போகும் குறிப்பேட்டுக்குச் செய்யாதீர்கள். தேநீரும் அமிலத்தன்மை உள்ளதுதான். குறிப்பேட்டுக்குப் பழுப்பு நிறம் வேண்டுமானால் இளமஞ்சள் நிறத்தில் ஆலையிலிருந்தே வரும் தாளைக் கேட்டு வாங்குங்கள்.