குழுவில் நானூறு பேர், சபையில் நாற்பது பேர்

கேள்வி: அம்மா, எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் 400 பேர் இருக்கிறோம். தெருவிளக்கு, குடிநீர் எல்லாவற்றுக்கும் அங்கேதான் பேச்சு. அக்டோபர் 2 கிராம சபைக்கு 40 பேர்தான் வந்தார்கள். இனி குழுவிலேயே பேசி முடிவெடுத்துவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், துறையூர்

பதில்: எடுக்கலாம் தம்பி. ஆனால் அந்த முடிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவருமே கிராம சபை உறுப்பினர்கள். உங்களை யாரும் சேர்த்துவிடவும் வேண்டாம், கோபத்தில் நீக்கிவிடவும் முடியாது. குழுவில் அட்மின் நினைத்தால் நீங்கள் வெளியே!

நான் ஐந்தாண்டு வார்டு உறுப்பினராக இருந்தவள். எங்கள் மேல்நிலைத் தொட்டியின் மூடி உடைந்து கிடந்த படத்தைக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் அறுபது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எட்டு மாதம் மூடி அப்படியேதான் கிடந்தது. மே 1 சபையில், நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா எழுந்து நின்றார். "பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் இது. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டார். தீர்மானம் எழுதப்பட்டது. அதற்குக் கீழே அவர் வைத்த கைநாட்டு, நீல மை சற்றே இழுபட்டு, இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த மாதம் புது மூடி வந்தது. அந்த அக்காவிடம் செல்பேசியே கிடையாது.

அதற்காகக் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். ஆள் திரட்ட அதைப்போல வேறொன்று இல்லை. 2017 ஜனவரியில் தலைவர் என்று ஒருவர் இல்லாமலே மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள்; சில நாட்களில் ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்தது. ஆனால் 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவிக் கிடந்த நேரத்தில், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. வந்த செய்தியைக் கேள்வி கேட்க அந்தக் குழுக்களில் ஓர் ஆள் இருந்திருக்கக் கூடாதா?

நவம்பர் 1 சபை வருகிறது. மக்கள்தொகை 500-ஐத் தாண்டி 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வர வேண்டும். நாற்பது பேர் போதாது. குழுவில் பேசியவற்றில் ஒன்றை மட்டும் மனுவாக எழுதி, முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். நாளையும் நேரத்தையும் குழுவில் போடுங்கள். செல்பேசி இல்லாத வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.