தமிழ்நாட்டின் தண்ணீர்க் கணக்கு: கேள்வி பதில்

சார், மேட்டூர் நீர்வரத்தைக் கனஅடியிலும் இருப்பை டிஎம்சியிலும் சொல்கிறார்கள். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

வரத்து என்பது நொடிக்கு இத்தனை கனஅடி என்ற கணக்கு. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி. நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி சேரும். அப்புறம், நீர்மட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டிஎம்சி; 100 அடிக்கு வந்தால் சுமார் 65 டிஎம்சிதான். அணை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், 60 அடி என்பது பாதி இருப்பு ஆகாது.

கர்நாடகம் விட்ட தண்ணீரை யார் அளப்பது?

எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தந்த தீர்ப்பின்படி சராசரி ஆண்டில் 177.25 டிஎம்சி வர வேண்டும் என்பதும் அந்த இடத்துக் கணக்குதான்.

அண்ணா, எங்கள் தோட்டத்து போரில் இறைக்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் வருமா?

வரும், ஆனால் மதிப்பீடாக. என் பெரிய கவலையே இதுதான். அணைத் தண்ணீரைத் தினமும் அளக்கிறோம்; நிலத்தடியிலிருந்து எடுப்பதை யாரும் நேரடியாக அளப்பதில்லை. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பெரும்பாலான மோட்டார்களுக்கு மீட்டர் கிடையாது. கிணறுகளின் எண்ணிக்கை, ஒரு கிணறு சராசரியாக எவ்வளவு இறைக்கும், என்ன பயிர் என்பதையெல்லாம் வைத்துத்தான் தொகை போடுகிறார்கள். நான் இலவச மின்சாரத்துக்கு எதிரி இல்லை. மீட்டர் பொருத்தினால் கட்டணமும் வரும் என்ற விவசாயியின் பயம் நியாயமானது. கட்டணம் இல்லாமலே அளக்கலாம் என்று அரசு உறுதி கொடுத்துத் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை நம் மாநிலத்தில் பிர்க்கா, அதாவது சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு, வாரியாகப் போடுகிறார்கள். ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 90 தாண்டினால் அபாயம். 100 தாண்டினால் அதிநுகர்வு, அதாவது மழை சேர்ப்பதைவிட அதிகமாக உறிஞ்சுகிறோம். உங்கள் பிர்க்கா எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த போர் போடுங்கள்.

சென்னை ஏரிகள் நிரம்பினால் ஓராண்டுக்குப் போதுமா?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஐந்தும் நிரம்பினால் 11.7 டிஎம்சிக்குச் சற்று மேல். நகரத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டிஎம்சி வேண்டும். ஆவியாகிப் போவதையும் கழித்தால் இழுபறிதான். 2019இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதனால் கிருஷ்ணா நீரையும் கடல்நீர்க் குடிநீர் ஆலைகளையும் சேர்த்தே பாருங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களை வைத்து ஏதாவது அளக்க முடியுமா?

தாராளமாக. ஊரில் ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுத்து, மே மாதமும் ஜனவரியிலும் தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று குறித்து வையுங்கள். மோட்டார் ஓடி நின்ற உடனே அளக்க வேண்டாம், மட்டம் ஏறி நிலைக்கட்டும். கிணற்றருகே பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.