நாயோடு நீண்ட பயணம்: கேள்வி பதில்

ஓகஸ்ட் விடுமுறைக்கு நாயையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்குப் போகப் பலர் யோசிக்கிறீர்கள். மிருக வைத்தியசாலையில் பல வருடம் வேலை செய்தவள், என் நாய்களோடு நிறைய வீதி பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் நாயைப் பார்க்கும் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

உப்புவெளி: அக்கா, லாப்ரடோரோடு நுவரெலியா போகிறோம். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது?

விடிய ஐந்து மணிக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் பத்து மணிக்கே தார் சுடும். ஐந்துக்கு வெளிக்கிட்டால் கந்தளாய் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். கண்டி சுமார் 180 கிலோமீற்றர், அதற்கு மேல் நுவரெலியா வரை வளைவுதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். கதவைத் திறக்கும் முன் கழுத்துப் பட்டியில் கயிறு மாட்டியிருக்க வேண்டும். புது இடத்தில் நாய் தொலைவது பெரும்பாலும் கதவு திறக்கும் அந்த நொடியில்தான். தரையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

குளத்தைக் கண்டதும் லாப்ரடோர் பாயப் பார்க்கும். விடாதீர்கள். நம் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு, தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். நுவரெலியாப் பக்கம் இருக்கும் ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா, அங்கே நாயைக் கொண்டு போக முடியாது.

கிண்ணியா: வழியில் சாப்பிடும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் நாயை வான் வண்டிக்குள் விடலாமா?

விடக்கூடாது. வெளியே 32 பாகை என்றால் பத்து நிமிடத்தில் வானுக்குள் 42 ஆகிவிடும், அரை மணித்தியாலத்தில் 50 தாண்டும். கண்ணாடியை நாலு விரல் இறக்கினால் பெரிதாக ஒன்றும் மாறாது. நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியே விடும். உள்ளே இருக்கும் காற்றே கொதித்தால் இரைத்து என்ன பயன்?

நான் இதைக் கண்ணால் கண்டவள். பல வருடம் முன்பு தம்புள்ளையில் மரக்கறி வாங்க இறங்கினேன். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது என் நாய் மணி வாயில் நுரையோடு பின்சீற்றில் சரிந்து கிடந்தான். குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஏசியை அவன் பக்கம் திருப்பி, டொக்டரிடம் ஓடினோம். பிழைத்தான். அன்றிலிருந்து நாங்கள் மாறி மாறித்தான் சாப்பிடுவோம், ஒருவர் எப்போதும் நாயோடு நிழலில் நிற்போம்.

மூதூர்: ஐந்து மாதக் குட்டி. வாகனம் ஏறினாலே வாந்தி.

குட்டிகளுக்கு இது சகஜம், பலதுக்கு வளரும்போது போய்விடும். புறப்பட மூன்று நாலு மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இப்போதிருந்தே தினமும் பத்து நிமிடம் ஏற்றிப் பழக்குங்கள். வாந்திக்கு நாய்களுக்கென்றே மருந்து இருக்கிறது, டொக்டரிடம் கேளுங்கள். நம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

தம்பலகாமம்: அக்கா, விடியப் போகச் சொல்வது பிழை. இரவு பத்துக்கு வெளிக்கிட்டால் வெயிலே இல்லை. நான் அப்படித்தான் போகிறேன்.

வெயிலைப் பற்றிச் சொன்னது சரி தம்பி. யானையை மறந்துவிட்டீர்கள். கந்தளாயிலிருந்து ஹபரணை வரை காடு. இந்த மாதங்களில் யானைகள் கவுடுல்ல, மின்னேரியாக் குளங்களைத் தேடி நடக்கின்றன. இருட்டில் அந்தக் கறுத்த உடம்பு வெளிச்சத்தில் பளபளக்காது, கிட்ட வந்த பிறகுதான் தெரியும். பின்சீற்றில் நாய் குரைக்கத் தொடங்கினால் யானையைப் பார்ப்பீர்களா, நாயை அடக்குவீர்களா?

கந்தளாய்: நான் லொறி ஓட்டுகிறேன். அந்த வீதியில் எத்தனையோ இரவு போய் வந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகப் போனால் போதும்.

அண்ணா, உங்கள் கண்ணுக்கு அந்த வீதி பழக்கம். உங்கள் லொறியில் குரைக்கும் நாயும் இல்லை, தூங்கும் பிள்ளைகளும் இல்லை. வருடத்தில் ஒரு முறை வான் எடுப்பவருக்குத்தான் நான் சொல்கிறேன்.

தம்பலகாமம்: விடியற்காலையிலும் யானை நிற்கும்தானே?

நிற்கும். ஆனால் தூரத்திலேயே தெரியும். தள்ளி நிறுத்துங்கள், ஹோன் அடிக்காதீர்கள், கண்ணாடியை ஏற்றி நாயைக் கீழே படுக்க வையுங்கள். தயவுசெய்து பழம் எறியாதீர்கள். எறிந்து எறிந்துதான் சில யானைகள் வாகனத்தை மறிக்கப் பழகிவிட்டன. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. இரவுப் பயணத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சாம்பல்தீவு: மர நிழலில் நிறுத்தினால் நாயை உள்ளே விடலாமா?

இல்லை. நிழல் நகரும்.

நிலாவெளி: ஏசியைப் போட்டுவிட்டு இறங்கினால்?

இல்லை. என்ஜின் நின்றால் உங்களுக்கு யார் சொல்வது? கிண்ணியாக்காரருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

திருக்கடலூர்: எங்களுடையது பக். கூட்டிப் போகலாமா?

சப்பை மூக்கு நாய்க்குச் சும்மா இருக்கும்போதே மூச்சு கஷ்டம். ஏசி இல்லாத வாகனம் என்றால் வேண்டாம், உறவினர் வீட்டில் விடுங்கள். கூட்டிப் போனால் இவற்றைக் கவனியுங்கள்: நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், கடும் சிவப்பு முரசு, தள்ளாட்டம். கண்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பிடியுங்கள். ஈரத் துவாயால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். தெளிந்துவிட்டது போல இருந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள், சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

சீனக்குடா: ரயிலில் நாயை ஏற்றலாமா?

ஸ்டேஷனில் கேளுங்கள்.

மட்டிக்களி: பூனைக்கும் இதே முறைதானா?

வெயில் விஷயத்தில் ஆம். ஆனால் மூடிய கூட்டில்தான். பரசிற்றமோல் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

உவர்மலை: கொழும்பிலிருந்து தங்கச்சி குடும்பம் நாயோடு வருகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அதையும் கூட்டிப் போகலாமா?

கோயிலுக்குப் போகும் வழியான பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் அவிழ்த்துவிட்ட ஆடு போலத் திரிகின்றன. அவற்றை முன்பு கண்டிராத நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும், மான் பயத்தில் வீதிக்குப் பாயும். வீட்டிலேயே விடுங்கள். மாலையில் கயிறு கட்டிக் கடற்கரையில் நடத்துங்கள், கொழும்பு நாய்க்கு அதுவே பெரிய சந்தோஷம். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.